‘ஜப்பான் பர்த்டே’ கேட்கும் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

டோரேமான், ஷின்சான் கார்ட்டூன்கள் பார்த்து வளரும் உங்கள் பிள்ளை இந்த வருஷம் “எனக்கு ஜப்பான் பர்த்டே வேணும்” என்று கேட்டிருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். சில வருஷம் குடும்பத்தோடு டோக்கியோவில் இருந்தவள் நான். என் மகள் முதலில் போன பாலர் பள்ளி அங்கேதான். சென்னைக்குத் திரும்பிய பிறகு, தெரிந்தவர் வீடுகளில் இப்படி ஒரு விழா வந்தால் கூப்பிடுகிறார்கள், போய்க் கைகொடுக்கிறேன். போகும் இடமெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான். ஜப்பானில் குழந்தைகளுக்கென்றே எவ்வளவோ இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பெரியவர்களின் ஜப்பானைக் கொண்டுவந்து பிள்ளையின் விழாவில் நிறுத்தாதீர்கள்.

பெரியவர்களின் ஜப்பான் எது என்பது விழா ஏற்பாடு செய்பவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிளாஸ்டிக் செர்ரி மரம், வாளோடு நிற்கும் சாமுராய் கட்-அவுட், கறுப்பு முகமூடி நின்ஜா, முகம் முழுக்க வெள்ளை பூசிய கெய்ஷா, பக்கத்திலேயே ஒரு தங்க டிராகன், மஞ்சள் குஞ்சம் தொங்கும் சிவப்பு உருண்டை விளக்கு. கடைசி இரண்டும் சீனப் புத்தாண்டு அலங்காரம். கெய்ஷா என்பவர் பெரியவர்களின் விருந்துகளில் ஆடிப் பாடி உபசரிக்கும் தொழில்முறைக் கலைஞர். அந்த ஒப்பனையை நாலு வயதுப் பெண்ணுக்குப் போட்டுவிடுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணோரத்தை விரலால் இழுத்துக் காட்டுவது, வாய்க்கு வந்த ஓசையை ‘ஜப்பான் பாஷை’ என்று பேசுவது, இதெல்லாம் விருந்தில் சிரிப்பை வரவழைக்கும். ஆனால் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து நம் ஊரில் படிக்கிறவர்களும் வேலை பார்க்கிறவர்களும் தெருவில் எதிர்கொள்கிற அவமானமும் அதுவேதான். அதை உங்கள் பிள்ளை தன் பிறந்தநாளில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

எந்த ஜப்பான் வேண்டும் என்று பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள். அநேகமாக டோரேமானின் தோழன் நோபிட்டா வீட்டைத்தான் சொல்லும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் படி, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு, தரையெல்லாம் பாய், டோரேமான் படுத்துத் தூங்கும் அலமாரி, சிமென்ட் குழாய்கள் அடுக்கிக் கிடக்கும் காலி மனை, தட்டு நிறைய டோராயாகி என்ற இனிப்பு அப்பம். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ வரைந்து 1970 ஜனவரி இதழ்களில் தொடங்கிய அந்தப் படக்கதை நடப்பது டோக்கியோவின் ஒரு சாதாரணக் குடியிருப்புத் தெருவில். அதில் வாளும் கிடையாது, அரண்மனையும் கிடையாது. பள்ளிக்குப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பும் ஒரு பையனின் சாயங்காலம்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஆசைப்படுவது அந்தச் சாயங்காலத்துக்கு.

அதை வீட்டில் அமைப்பது சுலபம், செலவும் குறைவு. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கிடைத்தால் அதில் ஒரு பக்கத்தை வெட்டி இளஞ்சிவப்புப் பெயின்ட் அடித்து, மஞ்சளில் ஒரு கைப்பிடி ஒட்டி, கூடத்து வாசலில் நிறுத்துங்கள். நினைத்த இடத்துக்குப் போகும் டோரேமானின் அந்தக் கதவு எது என்று வருகிற குழந்தை ஒவ்வொன்றுக்கும் தெரியும். கதவைத் தாண்டியதும் செருப்பைக் கழற்றி, நுனி வாசலைப் பார்க்கும்படி திருப்பி வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். ஜப்பானியப் பிள்ளைகள் பாலர் பள்ளியில் முதலில் பழகும் காரியங்களில் இது ஒன்று. உள்ளே நாற்காலி, மேசை வேண்டாம். அங்கே தரையில் விரிக்கும் தத்தாமியின் மேற்பரப்பு ஒருவகைக் கோரையில் நெய்ததுதான். ஆகவே நம் பத்தமடைப் பாயோ சாதாரணக் கோரைப்பாயோ விரித்தால் பொருத்தமாகவே இருக்கும். சாப்பிட மணைப்பலகை. பரண் அல்லது அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து ஒரு மெத்தை போட்டு வைத்தால், அன்று முழுவதும் யாராவது ஒரு குழந்தை அதற்குள் படுத்திருக்கும்.

டோரேமான் எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோப் பூனை; அதன் பிறந்தநாள் 2112-ஆம் ஆண்டு, ஒன்பதாம் மாதம், மூன்றாம் தேதி. அதன் உயரம் 129.3 செ.மீ., எடை 129.3 கிலோ. அந்த உயரத்தைச் சுவரில் நீல டேப்பால் குறித்துவிட்டு, வருகிற பிள்ளைகளை நிறுத்தி அளந்து பெயர் எழுதுங்கள். பிள்ளை வளர வளரத் தூணில் கோடு போட்டு உயரத்தைக் குறித்துவைப்பது ஜப்பானிய வீடுகளில் பழைய வழக்கம். குழந்தைகள் தினமான மே 5-ஐ ஒட்டிய வழக்கம். தம்பியைவிட நான் உயரம், டோரேமானைவிட நீ குள்ளம் என்று அரைமணி நேரம் அதிலேயே ஓடிவிடும்.

அடுத்தது, பிறந்தநாள் எந்த மாதத்தில் வருகிறது என்று பாருங்கள். டோக்கியோவில் செர்ரி பூப்பது மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும். இரண்டு வாரத்துக்குள் உதிர்ந்துவிடும். ஜூலைப் பிறந்தநாளில் செர்ரிப் பூத் தோரணம் கட்டினால், தீபாவளிக்குக் கரும்பு கட்டி வைத்ததுபோல் இருக்கும். அந்தந்த மாதத்துக்கு அங்கே என்ன உண்டோ அதை எடுத்துக்கொண்டால் விழா தானாகவே ஒரு வடிவத்துக்கு வந்துவிடும்.

மார்ச் 3 பெண் குழந்தைகளின் பொம்மைத் திருநாள், ஹினாமத்சுரி. சிவப்புத் துணி விரித்த படிகளில் மேலே அரசரும் அரசியும், அடுத்து மூன்று பணிப்பெண்கள், ஐந்து வாத்தியக்காரர்கள், இரண்டு அமைச்சர்கள், மூன்று ஏவலர்கள் என்று ஏழு படிக் கொலுவில் பதினைந்து பொம்மை. நவராத்திரிப் படி பரணில் இருக்கிற வீடுகளில் மார்ச் மாதப் பிறந்தநாளுக்கு வேறு அலங்காரமே வேண்டாம். அதை இறக்கிச் சிவப்பு விரிப்புப் போட்டு, பிள்ளைகளே காகிதத்தில் செய்த பொம்மைகளை வைக்கச் சொல்லுங்கள். ஜூலை 7 தனபத்தா. நெசவுக்காரியும் மாட்டுக்காரனுமான இரண்டு நட்சத்திரங்கள் ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும் நாள். வண்ணக் காகிதப் பட்டைகளில் வேண்டுதல் எழுதி மூங்கில் கிளையில் கட்டுவார்கள். எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும். செப்டம்பரில் நிலவு பார்க்கும் விழா. நம் பாட்டி நிலாவில் வடை சுடுகிறாள். அவர்களுடைய நிலாவில் முயல் உரலில் மோச்சி என்ற பசையரிசிப் பலகாரத்தை இடிக்கிறது. தன்னையே உணவாகத் தந்த முயலை நிலவில் வரைந்துவைத்த புத்த ஜாதகக் கதை இங்கிருந்து போனது என்பதால், அந்த முயல் நமக்கும் சொந்தம். அக்டோபர் என்றால் பள்ளி விளையாட்டு விழாவைப் போலச் சிவப்பணி, வெள்ளையணி பிரித்து, கம்பத்தின் உச்சியில் கட்டிய கூடைக்குள் துணிப்பந்து எறியும் போட்டி. பிப்ரவரி 3 வாக்கில் ‘ஓனி’ என்ற பேயை வறுத்த சோயா எறிந்து விரட்டும் செட்சுபுன். அப்பா பேய் முகமூடி போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் எறிவதற்குக் காகித உருண்டைதான் கொடுக்க வேண்டும். கெட்டியான பயறும் கொட்டைகளும் மூச்சுக்குழாயில் சிக்கும் என்பதால் ஐந்து வயது வரை கொடுக்காதீர்கள் என்று ஜப்பானிய அரசின் நுகர்வோர் முகமையே எச்சரிக்கிறது.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பிறந்த சென்னைப் பிள்ளைகளுக்கு மழைதான் எதிரி. அவர்களுக்காகவே ஜப்பானில் ஒரு பொம்மை இருக்கிறது. தெருதெரு போசு என்று பெயர். வெள்ளைத் துணித்துண்டின் நடுவில் பஞ்சை வைத்து, கழுத்தில் நூல் கட்டி, கண்ணும் வாயும் வரைந்து, ‘நாளைக்கு மழை வேண்டாம்’ என்று முந்தின நாள் ஜன்னலில் தொங்கவிடுவார்கள். பிறந்தநாள் பிள்ளை தன் கையால் செய்து தொங்கவிடட்டும்.

மே மாதத்துக்குத்தான் நான் அதிகம் ஆசைப்படுவேன். மே 5 முன்பு ஆண் பிள்ளைகளின் நாளாக இருந்தது. 1948-இல் அதை எல்லாக் குழந்தைகளுக்குமான பொது விடுமுறை ஆக்கினார்கள். குழந்தைகளை மதிப்பதற்கும் அவர்கள் மகிழ்ச்சிக்கும், கூடவே தாய்க்கு நன்றி சொல்லவும் ஒரு நாள் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அன்று வீடுகளிலும் ஆற்றங்கரைகளிலும் துணியால் செய்த கெண்டை மீன்களைக் கம்பத்தில் பறக்கவிடுவார்கள். மேலே பெரிய கறுப்பு மீன், அதன் கீழே சிவப்பு, அதற்கும் கீழே சின்ன நீலம். அருவியை எதிர்த்து ஏறிய கெண்டை டிராகன் ஆனது என்ற சீனக் கதையிலிருந்து வந்த வழக்கம் இது. பிள்ளைகள் அந்த மீனைப் போல எதிர்நீச்சல் போட்டு வளரட்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள்.

இந்த மீனை வீட்டிலேயே செய்யலாம். பழைய வேட்டி ஒன்றைக் குழாய் மாதிரித் தைத்து, வாய்ப்பக்கம் ஒரு கம்பி வளையத்தைக் கோத்துவிடுங்கள். வாய் அகலமாகத் திறந்திருந்தால்தான் காற்று உள்ளே புகுந்து மீன் நிமிரும். வால் பக்கம் சும்மா இரண்டாகப் பிளந்துவிட்டால் போதும். கண்ணை மட்டும் நீங்கள் வரையுங்கள். செதில்களைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். பாலர் பள்ளிகளில் செய்வதுபோல ஒவ்வொரு பிள்ளையும் உள்ளங்கையில் சாயத்தைத் தடவி, விரல்களைச் சேர்த்து, வாலிலிருந்து தலைப்பக்கமாக ஒரு அச்சு வைக்க வேண்டும். வருகிற விருந்தாளி எல்லோர் கையும் அதில் பதிந்துவிடும். மொட்டைமாடிக் கொடிக்கம்பியில் கட்டிப் பறக்கவிட்டால், அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பரிசுப் பொட்டலங்கள் எல்லாம் மறந்துபோகும். பேனர், பலூன் தோரணம் எதுவும் தேவையில்லை.

கூடவே தலைக்குக் காகிதக் கவசத் தொப்பி. செய்தித்தாளை விரித்துச் சதுரமாக வெட்டுங்கள். மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, கூர்முனை உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். இடது வலது முனைகள் இரண்டையும் அந்தக் கூர்முனைக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் ஒரு சதுரம் வரும். கொண்டுவந்த நுனிகளை அப்படியே மேல் உச்சிக்குத் தூக்கி மடித்து, பிறகு வெளிப்புறமாகச் சாய்த்தால் இரண்டு கொம்பு. கீழே இருக்கும் இரண்டு தாளில் மேல்தாளைப் பாதிக்கு மேல் தூக்கி மடித்து, இன்னொரு மடிப்பு மடித்தால் விளிம்பு. அடித்தாளை உள்ளே செருகிவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இதைச் செய்துவிடும். கொக்கு மட்டும் வேண்டாம்; அந்த வயதுக் கைகளுக்கு அது முடியாது, அழுகையில்தான் முடியும்.

பிள்ளைக்கு 3, 5, 7 நிறைகிறதா? அப்படியானால் உங்களுக்கு வேறொரு வாய்ப்பும் இருக்கிறது. தனித்தனியாகப் பிறந்தநாள் கொண்டாடுவது ஜப்பானில் ரொம்பப் பழைய வழக்கம் அல்ல. பிறந்தவுடனே ஒரு வயது, அப்புறம் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வயது என்றுதான் மக்கள் கணக்கு வைத்திருந்தார்கள். பிறந்த தேதியிலிருந்து நிறைந்த வயதையே சொல்ல வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 1-இல். அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது இந்த மூன்று வயதுகளின் சடங்கு. நவம்பர் 15-ஐ ஒட்டி மூன்றும் ஏழும் நிறையும் பெண்பிள்ளைகளையும், ஐந்து நிறையும் பையன்களையும் கிமோனோ உடுத்திக் கோவிலுக்கு அழைத்துப்போவார்கள். கையில் கொக்கும் ஆமையும் வரைந்த நீளமான காகிதப் பை இருக்கும், உள்ளே சிவப்பும் வெள்ளையுமாக நீளக் குச்சி மிட்டாய். நீண்ட ஆயுளுக்கான மிட்டாய் அது. அந்தப் பையை உங்கள் பிள்ளையே வரையட்டும். உள்ளே எள்ளுருண்டையும் ஒரு சின்னப் பம்பரமும் போட்டுக்கொடுத்தால், பெயரெழுதிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைவிட நல்ல கைப்பரிசு.

ஓராண்டு நிறைவு என்றால் ஒரு பையில் இரண்டு கிலோ போல எடையுள்ள மோச்சியைப் போட்டுக் குழந்தையின் முதுகில் கட்டி நடக்கவிடுவார்கள். ஒரு ‘ஷோ’ அளவு அரிசியில், அதாவது ஏறக்குறைய 1.8 லிட்டர் அரிசியில் செய்தது. குழந்தை பொத்தென்று உட்கார்ந்துவிடும், அழும், வீடே கைதட்டும். நம் வீட்டில் செய்வதென்றால் அரிசியையே துணியில் முடிந்து கட்டலாம். பாரத்தைக் குழந்தைக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேரைக் கூப்பிடுவது? அங்கே பாலர் பள்ளியில் மாதத்துக்கு ஒருநாள், அந்த மாதம் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துப் பிறந்தநாள். காகிதக் கிரீடம் வைத்து முன்னால் உட்காரவைப்பார்கள். ஆசிரியை பெயரும் வயதும் கேட்பார், குழந்தை விரலைக் காட்டும், மற்றவர்கள் பாடுவார்கள். பிள்ளையின் கையச்சும் உயரமும் எடையும் எழுதிய ஒரு அட்டை வீட்டுக்கு வரும். அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டில் குடும்பத்தோடு ஒரு கேக். மண்டபம் பிடித்து நூற்றைம்பது பேர் சாப்பிட்டுப் போகும் விழாவில் பிறந்தநாள் பிள்ளை களைத்துப்போய் மேடையில் அழுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எட்டுப் பத்துப் பிள்ளைகள், இரண்டு மணி நேரம். அதற்கு மேல் இந்த விழாவுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சொந்தபந்தங்களைக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால் அதை இன்னொரு நாள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்குக் கோடைத் திருவிழாக் கடைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர்த் தொட்டியில் தங்கமீன் அள்ளுவது அங்கே பெரிய ஆசை. உயிருள்ள மீன் வேண்டாம், பாவம்; பிளாஸ்டிக் மீனும் ரப்பர் பந்தும் மிதக்கவிட்டால் போதும். அள்ளும் கருவி ஒரு வளையத்தில் ஒட்டிய மெல்லிய காகிதம். கம்பியை வளைத்து டிஷ்யூ காகிதத்தை ஒட்டினால் ஆயிற்று. காகிதம் நனைந்தால் கிழியும், அதுதான் விளையாட்டே. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓரத்தை மட்டும் நனைத்தால் ஈரமும் உலர்ந்ததும் சேரும் கோட்டில்தான் முதலில் கிழியும். அதனால் முழுக் காகிதத்தையும் ஒரே மூச்சில் சாய்வாக உள்ளே இறக்க வேண்டும். தண்ணீருக்குள் குறுக்கே விசிறாமல் பக்கவாட்டில் நகர்த்தி, பொருளை வளையத்தின் விளிம்பில் ஏற்றி, சாய்த்தபடியே வெளியே எடுக்க வேண்டும். ஒரு தடவை காட்டிக்கொடுத்தால் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக அள்ளுவார்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று வளையமாவது செய்து வையுங்கள்.

சுய்காவரி என்று ஒன்று: கண்ணைக் கட்டிக்கொண்டு கோலால் தர்பூசணியை உடைப்பது. மற்றவர்கள் “வலது, இடது, நேரே” என்று கத்துவார்கள். உறியடி பார்த்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே ஆகஸ்ட் மாதக் கடற்கரை விளையாட்டு. நமக்கு ஏப்ரல், மே மாதமே பழம் கிடைக்கும். மற்றப் பிள்ளைகளைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துங்கள். கோல் வீசும் பிள்ளைக்குப் பின்னால் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். இன்னொன்று, ஒருவர் சுவரைப் பார்த்து நின்று பத்து அசை உள்ள “தாருமாசன் கா கொரொந்தா” என்ற வரியைச் சொல்லித் திரும்புவதற்குள் மற்றவர்கள் அடிமேல் அடி வைத்து நெருங்கி, திரும்பியதும் சிலையாக நிற்பது. காசு செலவில்லாத விளையாட்டு, காலி மனையோ மொட்டைமாடியோ போதும். யார் முதலில் என்பதையெல்லாம் “ஜான் கென் போன்” போட்டு, அதாவது கல், காகிதம், கத்தரி காட்டி முடிவு செய்யச் சொல்லுங்கள். நோபிட்டா தோற்பதைப் பார்த்தவர்கள்தான் நம் பிள்ளைகள், உடனே பிடித்துக்கொள்வார்கள். பாட்டிகள் வந்திருந்தால் சின்னத் துணிப்பைகளில் பயறு அடைத்து ஆடும் ஒதெதாமாவை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். அஞ்சாங்கல் ஆடிய கைகள் அதைத் தானாகத் தூக்கிப் போடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். பச்சை மீன் சுஷி சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். அங்கே பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகள் தேடுவது கோழி வறுவலும் சோற்று உருண்டையும் இனிப்பாகச் சுருட்டிய ஆம்லெட்டும்தான். எல்லாப் பிள்ளைக்கும் பிடித்த இன்னொன்று ‘கரே ரைஸ்’. குழம்புச் சோறு! இந்தியக் குழம்பு ஆங்கிலேயர் வழியாக மெய்ஜி பேரரசர் காலத்தில் ஜப்பானுக்குப் போய், கெட்டியாகி, இனிப்பாகி, பள்ளிச் சாப்பாட்டில் இடம்பிடித்தது. 1963-இல் ஆப்பிளும் தேனும் சேர்த்து வந்த ‘வெர்மான்ட் கறி’ கட்டி, காரத்தை ஒதுக்கிக் குழந்தைகளுக்கு அதை நெருக்கமாக்கியது. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் நகமுராயா உணவகம் 1927-இல் விற்கத் தொடங்கிய இந்தியக் கறி வேறு. அதைக் கற்றுக்கொடுத்தவர் அங்கே தஞ்சமடைந்த விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ். வீட்டில் செய்வதானால் மைதாவை வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, காரமில்லாத மசாலாப்பொடி கொஞ்சம், வதக்கிய வெங்காயம், உருளை, கேரட், துருவிய ஆப்பிள் சேர்த்துக் கெட்டியாகக் கொதிக்கவிடுங்கள். ஒரு வயது ஆகாத தம்பி தங்கைகள் வந்தால் தேன் சேர்த்த எதையும் கொடுக்கக் கூடாது.

டோராயாகி இல்லாமல் இந்த விழா இல்லை. முட்டை, சர்க்கரை, கொஞ்சம் தேன், மைதா, சிட்டிகை பேக்கிங் பவுடர் அடித்துக் கலந்து கால்மணி நேரம் வைத்திருங்கள். தோசைக்கல்லை மிதமாகக் காயவைத்து, எண்ணெயைத் தடவிவிட்டுக் காகிதத்தால் அத்தனையையும் துடைத்தெடுங்கள். எண்ணெய் மிச்சம் இருந்தால் மேலே புள்ளி புள்ளியாக வரும், அந்த ஒரே சீரான பழுப்பு நிறம் வராது. கரண்டியைச் சற்று உயரத்தில் பிடித்து ஒரே இடத்தில் ஊற்றினால் தானாக வட்டமாகும். மேலே குமிழ் விடத் தொடங்கியதும் திருப்பி, மறுபக்கம் கொஞ்சமே வேகட்டும். சூடு இருக்கும்போதே ஈரத்துணி போட்டு மூடிவையுங்கள். உள்ளே வைக்கும் அசுகிப் பயறு நமக்குச் சுலபமாகக் கிடைக்காது. காரடையான் நோன்புக்கு வாங்கும் சிவப்புக் காராமணியைக் குழைய வேகவைத்து, மசித்து, சர்க்கரை போட்டுச் சுருளக் கிளறினால் நெருங்கி வரும். இது ஒப்பேற்றும் வேலையும் அல்ல. விசேஷ நாள்களில் அங்கே செய்யும் சிவப்புப் பயறுச் சோற்றில் டோக்கியோ பக்கத்தில் காராமணியைத்தான் போடுவார்கள். அசுகி வேகும்போது வயிறு வெடிக்கும், அது சாமுராய் வயிற்றைக் கிழித்துக்கொள்வதை நினைவூட்டும் என்று அந்தக் காலத்தில் தவிர்த்தார்களாம்.

மோச்சியை மட்டும் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். அது தொண்டையில் சிக்கி மூச்சடைத்து முதியவர்கள் இறப்பது ஜப்பானில் புத்தாண்டுதோறும் வரும் செய்தி. சைவக் குடும்பங்கள் வருவதாக இருந்தால், கடையில் வாங்கும் ஜப்பானியச் சூப்புப் பொடிகளிலும் நூடுல்ஸிலும் பெரும்பாலும் மீன் சாறு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். அழைப்பிலேயே முட்டை, பால், வேர்க்கடலை, எள் ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். குடிக்க வாற்கோதுமை நீர். பார்லியைக் கருகாமல் வறுத்துக் கொதிக்கவைத்து ஆறவைத்தால், அங்கே பிள்ளைகள் கோடை முழுவதும் குடிக்கும் முகிசா. கேக் என்றால் ஸ்பாஞ்சும் கிரீமும் ஸ்ட்ராபெரியும்தான்; பச்சைத் தேயிலை கேக் பெரியவர்களுக்கு. சாப்பிடும் முன் எல்லோரும் கைகூப்பி “இத்ததாகிமாஸ்” என்று சொல்லட்டும். குச்சியால் சாப்பிடக் கேட்டால் இரண்டையும் மேலே ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டிக்கொடுங்கள். சோற்றில் நட்டுவைக்கக் கூடாது, குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை வாங்கக் கூடாது என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். இரண்டும் அவர்கள் ஊரில் சாவு வீட்டுக்கு உரியவை.

உடைக்கும் அதே கவனம் வேண்டும். பழைய புடவையில் கிமோனோ தைத்தாலும் இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே போடுவது இறந்தவருக்கு. ஆனால் ஓடி ஆடும் பிள்ளைக்கு நோபிட்டாவின் மஞ்சள் சட்டையும் நீல டிராயரும் போதாதா?

கதை சொல்லப் படத்தாள் நாடகம் இருக்கிறது. காமிஷிபாய் என்பார்கள். 1930-களில் சைக்கிளில் மரச்சட்டத்தைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, மிட்டாய் வாங்கிய பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து, ஒவ்வொரு படத்தாளாக இழுத்துக் கதை சொல்வார்கள். எட்டுத் தாள் வரைந்தால் போதும். என்ன கதை என்று கேட்டால் நான் இந்திரா என்ற யானையின் கதையைச் சொல்வேன். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது டோக்கியோவின் உயெனோ மிருகக்காட்சிச்சாலையில் ஒரு யானைகூட இல்லை. யானை பார்க்க வேண்டும் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் நேருவுக்கு எழுதினார்கள். 1949-இல் மைசூர்ப் பக்கத்து யானை ஒன்று கப்பலேறிப் போயிற்று. மகளின் பெயரையே அதற்கு வைத்த நேரு, இது என் பரிசு அல்ல, இந்தியக் குழந்தைகள் உங்களுக்குத் தரும் பரிசு என்று அந்தப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். இந்திரா 1983 வரை அங்கே வாழ்ந்தது. நம் பிள்ளைகளும் அனுப்பியவர்களில் சேர்த்தி என்று சொல்லும்போது முகங்களைப் பாருங்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் வேலை பார்க்கும் ஜப்பானியர் குடும்பங்கள் சென்னையில் நிறைய இருக்கின்றன. உங்கள் குடியிருப்பிலும் இருக்கலாம். அவர்கள் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஆனால் அந்த அம்மாவைக் கிமோனோ கட்டிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள், காகிதம் மடித்துக் காட்டச் சொல்லி நடுவில் நிறுத்தாதீர்கள், எது சரி எது தப்பு என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். வந்த பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு தொட்டியில் கைவிட்டு அள்ளட்டும், சுவரில் தன் உயரத்தைக் குறிக்கட்டும். அந்த அம்மாவுக்கு உங்கள் வீட்டு வடையையும் காபியையும் கொடுங்கள். சட்னியில் மட்டும் காரத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு அம்மா